எங்கள் குடத்துத் தண்ணீரைப் பார்க்கப் போனோம்



போன இதழில் ஊறுகாய் பற்றி எழுதினேன். அடுத்ததாக வடாம், வற்றல் என்று தொடரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தை மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு ஒகேனக்கல் போய் வந்தோம். வந்ததிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதனால் வடாம் வெயில் வரும்வரை காத்திருக்கட்டும்!

"பாலக்கோட்டில் இருப்பவளுக்கு ஒகேனக்கல் என்ன அதிசயமா? பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரிதானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்யாணமான புதிதில் ஒரு தரம், ஆடிப்பெருக்குக்கு ஒரு தரம், சொந்தக்காரர்கள் வந்தபோது ஒரு தரம் என்று நானும் போயிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டுப் பல் கதையைச் சொல்ல வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் பல் பழுப்பு. மஞ்சள் இல்லை, பழுப்பு. முன்பற்களில் குறுக்கே காவி பூசினாற்போல் கோடுகள் இருக்கும். எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான். சின்ன வயசில் கரி, சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி என்று எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஈறுதான் புண்ணாயிற்று. "சிரிக்கும்போது வாயை மூடிக்கோ கண்ணு" என்று என் அம்மா சொல்லிச் சொல்லி, முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

என் பெரியவள் 2003-இல் பிறந்தாள். அவளுக்கும் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்தபோதே அந்தக் கோடுகள் இருந்தன. என் அம்மா எனக்குச் சொன்னதை நானும் அவளுக்குச் சொன்னேன். "வாயை மூடிச் சிரிடி." எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை.

போன ஐப்பசியில் வெளி மாவட்டத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். காபியை வாங்கிக்கொண்டே பையனின் அம்மா என் காதருகே குனிந்து, "பொண்ணு பாக்கு கீக்கு போடுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லைங்க, இது எங்க ஊர்த் தண்ணி" என்று மென்று விழுங்கினேன். அவர்கள் போன பிறகு பெரியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும், "ஏம்மா, தம்பிக்கு மட்டும் எப்படி பல்லு வெள்ளையா இருக்கு?" என்றாள்.

சின்னவன் 2014-இல் பிறந்தவன். அவனுக்கு நிலைப்பற்கள் வந்தபோது முல்லை அரும்பு மாதிரி வந்தன. ஒரே வயிறு, ஒரே சமையல், ஒரே வீடு. பல் மட்டும் இரண்டு விதம்! காரணம் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அந்த வாரமே அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். அதை உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமிக்குள் முழுக்கப் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டு அளவு. அதற்கு மேல் போனால் கெடுதல். குழந்தை பிறந்ததிலிருந்து எட்டு வயசு வரை ஈறுக்குள்ளே நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வருஷங்களில் ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேல்பூச்சிலேயே கறை பதிந்துவிடுகிறது. மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, உள்ளே ஊறியது. அதனால்தான் எந்தப் பொடிக்கும் போகவில்லை! வருஷக்கணக்காகக் குடித்தால் பல்லோடு நிற்காமல் எலும்பையும் பிடிக்குமாம். மூட்டு வலி, முதுகு விறைப்பு என்று வந்து, குனிய நிமிர முடியாமல் போகிறவர்களும் உண்டாம்.

"அப்போ பையனுக்கு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்கு எப்போ ஒகேனக்கல் குழாய்த் தண்ணி வந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டரம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் கொடுக்கவும், இந்த ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கவும் வந்த திட்டம் அது. எங்கள் தெருக் குழாய்க்கு அந்தத் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவன் என் சின்னவன். அவன் சோறு வெந்ததும், பால் கலந்ததும், தாகத்துக்குக் குடித்ததும் காவிரித் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் சின்னவன், "அப்போ அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்தான். என் மாமியாரும், "என் கால் நடக்கிறப்பவே ஒருதரம் காவேரியம்மனைக் கும்பிட்டு வந்துடலாம்" என்றார். என்னவருக்கோ எண்ணெய் மசாஜ் ஆசை! ஆளுக்கொரு காரணத்தோடு, பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டுப் புறப்பட்டோம்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிசோறு கிளறினேன். வெளியூர் போகும்போது புளிசோற்றுக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, ஆறின பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. மாமியாருக்கு மட்டும் களி உருண்டை இரண்டு, கூடவே நெல்லிக்காய்த் துவையல். குடிக்க எங்கள் குழாய்த் தண்ணீர் இரண்டு கேன். "காவிரிக்கே காவிரியைத் தூக்கிட்டுப் போறியா?" என்று என்னவர் கேலி செய்தார். சுத்தம் செய்யாத ஆற்றுத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். சும்மா வம்புக்கு இழுப்பார்!

பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம், அங்கிருந்து ஒகேனக்கல். பாப்பாரப்பட்டியில் இறங்கி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்தோம். வ.உ.சி.யோடும் பாரதியாரோடும் சேர்ந்து சுதந்திரத்துக்குப் பாடுபட்ட அந்த வீரர், 1925 ஜூலை 23-ஆம் தேதி உயிர்விட்டது இந்த ஊரில்தான். ஜெயிலில் அவருக்குத் தொழுநோய் வந்துவிட்டது. அதைக் காரணம் காட்டி வெள்ளைக்கார அரசாங்கம் அவரை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தது. அவர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினாராம். என்னவர் இதைச் சின்னவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உடம்பைப் பார்த்து ஒதுக்கினாங்க, இவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்காரு" என்று மெதுவாகச் சொன்னாள். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

பென்னாகரம் தாண்டினதும் காடும் மலைப்பாதையும். பஸ் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. அப்போதுதான் நானே யோசித்தேன். நாங்கள் இருப்பது மேடு, ஆறு ஓடுவது பள்ளம். பள்ளத்துத் தண்ணீரை இந்த மலைமேல் ஏற்றி எங்கள் தெருவுக்கு அனுப்புகிறார்கள்! குழாய் திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குடம் நிரம்பி வழியும்போது அலட்சியமாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நினைத்து மனசு குறுகுறுத்தது.

ஒகேனக்கல் போய் இறங்கினதும் இரைச்சல் காதை அடைத்தது. கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை, "கல்" என்றால் பாறை. பாறையில் விழுந்து தண்ணீர் புகையாக எழும்புவதால் இந்தப் பெயர். ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து வருகிற காவிரி இங்கே பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளுக்கு நடுவே குதிக்கிறது. இங்கிருந்து போகிற தண்ணீர்தான் மேட்டூர் அணையில் சேர்கிறது.

எங்களுக்குப் பெருமை தரும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பாலக்கோடு தாலுகா பஞ்சப்பள்ளியில் அணை கட்டியிருக்கிறார்களே சின்னாறு, அது காவிரியோடு சேருவது ஒகேனக்கல்லில்தான். சின்னவன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் ஆறு இங்க இறங்கி வருது, குழாய்ல ஏறி மறுபடி நம்ம ஊருக்கே வருது!" என்று குதித்தான். பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தினால்கூட இவ்வளவு பதியுமோ என்னவோ.

முதலில் தேசநாதீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். மாமியார் ஆற்றங்கரையில் மஞ்சள், குங்குமம், பூ வைத்து காவேரியம்மனுக்குக் கற்பூரம் காட்டினார். "என் பேரனுக்குக் கொடுத்த பல்லை எல்லாப் பிள்ளைக்கும் கொடு தாயே" என்று அவர் சத்தமாக வேண்டிக்கொண்டதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கென்ன!

தொங்கு பாலத்தில் ஏறி மெயின் அருவியைப் பார்த்தோம். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தார். என்னவர் மசாஜ் பலகையில் குப்புறப் படுத்து, "ஐயோ அம்மா" என்று கத்தினதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடிக்கிற அடியில் எலும்பு எண்ணெயாகிவிடும் போலிருந்தது! எழுந்தபோது முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. அங்கே நாம் ஆற்று மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்தும் குழம்பு வைத்தும் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். விறகடுப்பில் கண் எரிய எரிய நின்று வேலை செய்கிறார்கள். மீன் வறுவல் அவர்கள் கையால், புளிசோறு என் கையால், நல்ல ஜோடி!

பிறகு பரிசல். மூங்கிலால் பின்னிய பெரிய வட்டக் கூடை மாதிரி இருக்கும். கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கி, சின்னாறு பரிசல் துறைக்குப் போனோம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என்னவர், "இந்தப் புழுக்கத்துல இது வேறயா" என்று பட்டையைப் போடாமல் சும்மா தொங்கவிட்டுக்கொண்டார். பரிசல்காரத் தம்பி துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, பட்டையைப் போட்டாத்தான் பரிசல் நகரும். தண்ணி அமைதியாத்தான் தெரியும், அடியில பாறை, சுழல் எல்லாம் இருக்கு. எனக்கே நீச்சல் தெரியும், நானும் போட்டிருக்கேன் பாருங்க" என்றார். அந்தத் தம்பிக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்ன?

இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி பாறை. நடுவில் பச்சைத் தண்ணீர். அருவிக்குக் கொஞ்ச தூரத்தில் கொண்டுபோய்த் தம்பி பரிசலை ஒரு சுற்று சுற்றினார் பாருங்கள்! வானம், பாறை, அருவி எல்லாம் சேர்ந்து ரங்கராட்டினம் மாதிரி சுழல, சாரல் வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. மாமியார் "முருகா முருகா" என்று என் கையை நசுக்கினார். பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். கையால் வாயை மூடவில்லை. இரண்டு கையும் பரிசல் விளிம்பைப் பிடித்திருந்தனவே, எப்படி மூடுவாள்! அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தோன்றியபோதுதான் கவனித்தேன். நானும் வாயைத் திறந்துதான் சிரித்துக்கொண்டிருந்தேன். முந்தானை ஜாக்கெட்டுக்குள் மாட்டியிருந்தது. சின்னவன் அப்பாவின் போனில் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்துவிட்டான்.

கரையேறினதும் நீரேற்றும் நிலையத்தைக் காட்டச் சொல்லி நச்சரித்தான். உள்ளே எல்லோரையும் விடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் திரும்பி வருகிற வழியில் ஆற்றோரப் பாறை இடுக்குகளில் பார்த்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஷாம்பு பாக்கெட்டுகள், சோப்பு உறைகள், சாப்பிட்ட தட்டுகள், அவிழ்த்து எறிந்த துணி, ஒரு குழந்தையின் டயாப்பர்! மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக் குடத்துல இதைப் போடுவாளுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நாங்கள் கொண்டுபோன பையில் எங்கள் குப்பையோடு கொஞ்சம் ஊரார் குப்பையையும் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் போட்டோம்.

சரி சகோதரிகளே, நான் தெரிந்துகொண்டு வந்ததில் உங்களுக்கு உபயோகப்படுவதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒகேனக்கல் புறப்படும் முன் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து தினமும் கன அடிக் கணக்கில் சொல்கிறார்கள். 2024 ஜூலை கடைசியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. வெள்ள நாட்களில் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை போட்டுவிடுவார்கள். அந்த நாளில் "தூரத்திலிருந்து தொட்டுட்டு வரலாம்" என்று இறங்காதீர்கள். சாதாரண நாளிலும் அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். மற்ற இடங்களில் பாசியும் பள்ளமும் மட்டுமல்ல, ஆற்றில் முதலையும் உண்டு. முதலைப் பண்ணையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதே போதும்! குழந்தையின் கையை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் பட்டையைக் குழந்தைக்கு நீங்களே இழுத்துப் பாருங்கள்.

இனி வீட்டுத் தண்ணீர். எங்களைப் போன்ற ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் போதும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் அதன் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். பார்வைக்கும் ருசிக்கும் அது தெரியாது. சோதித்தால்தான் தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். மூன்று வயசுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பற்பசை அரிசி மணி அளவும், ஆறு வயசு வரை பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊராக இருந்தால் எந்தப் பேஸ்ட் நல்லது என்று பல் டாக்டரையே கேளுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, மோர், நெல்லிக்காய், கொய்யா இவற்றைப் பிள்ளைகளுக்கு நிறையக் கொடுங்கள். சத்துக் குறைந்த பிள்ளைகளைத்தான் ஃப்ளோரைடு சீக்கிரம் பிடிக்கும்.

முக்கியமாக இன்னொன்று. ஏற்கெனவே பல்லில் கறை உள்ள பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அது சுத்தக் குறைவு இல்லை, தொத்து நோயும் இல்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். வேண்டுமானால் பல் டாக்டர்கள் அதை மறைத்து அழகு செய்து தருகிறார்கள். வேண்டாமென்றால் அப்படியே இருக்கட்டும். "வாயை மூடிச் சிரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். வருஷக்கணக்காகச் சொன்னவள் சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். அடுத்து யார் வந்தாலும் நான் மென்று விழுங்கப் போவதில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் கதையை முதல் காபியோடேயே சொல்லிவிடுவேன். பரிசலில் எடுத்த அந்தப் படத்தைப் பெரியவளே பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். எல்லோர் பல்லும் தெரிகிறது!

காலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் நான் டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போகிறேன். குடம் நிறைந்ததும் மூடிவிடுகிறேன். அத்தனை மலை ஏறி வந்த தண்ணீர் அல்லவா?

அடுத்த இதழில் கட்டாயம் வடாம்தான். அதுவரை விடைபெறுகிறேன்.